கதவருகே படுத்துக்கிடந்தவர்

1682இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் குவேக்கர் பெரியவர்களை எல்லாம் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டார்கள். வழிபாடு நின்றுவிடும் என்று அதிகாரிகள் நினைத்திருக்க வேண்டும். நிற்கவில்லை. குழந்தைகள் வந்து வட்டமாக, பேசாமல் உட்கார்ந்தார்கள். அடித்து விரட்டியும் மறுபடி வந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளிடம் போய் "நீ இதில் உறுப்பினரா?" என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார்கள். அப்படி ஒரு பட்டியலே அப்போது இல்லை. குவேக்கர்களிடம் ஞானஸ்நானம் கிடையாது, பாதிரியார் கிடையாது, ஒப்பிக்க வேண்டிய விசுவாசப் பிரமாணமும் கிடையாது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, மௌனத்தில் காத்திருந்தால் அது பேசும் என்பதே நம்பிக்கை. சிறைக்குப் போகிற ஆபத்து இருந்தும் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் நம்மவர். வேறு சான்று எதற்கு?

பட்டியல் பிறகுதான் வந்தது, அதுவும் பணத்தை முன்னிட்டு. ஏழைக் குவேக்கர்களுக்கு எந்த ஊர்ச் சபை உதவ வேண்டும் என்ற வழக்கைத் தீர்க்க 1737இல் லண்டன் ஆண்டுக்கூட்டம் ஒரு விதி செய்தது. அதன்படி மனைவியும் குழந்தைகளும் கணவரின், தகப்பனாரின் சபையைச் சேர்ந்தவர்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளொளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில் இப்போது பிறந்தவுடனேயே ஆள் உறுப்பினராகிவிட்டார்!

இந்த இடத்தில்தான் பெஞ்சமின் லே வருகிறார். நாலடி உயரம், முதுகு கூன். கடலோடியாக இருந்தவர். பார்படோஸில் கடை வைத்திருந்தபோது கரும்புத் தோட்ட அடிமைகள் பசியால் சாவதைக் கண்ணால் பார்த்தவர். மனைவி சாராவும் அவரைப் போலவே குள்ளம். சபையில் எழுந்து பேசுவதற்கு அங்கீகாரம் பெற்றவர். 1732இல் இருவரும் பிலடெல்பியா வந்து சேர்ந்தபோது, அங்கேயும் குவேக்கர் பெரிய மனிதர்கள் பலர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். லேயால் அதைத் தாங்க முடியவில்லை.

அவர் செய்ததெல்லாம் அழகாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆளு ரொம்பக் குடைச்சல். அடிமை வைத்திருப்பவர்களை விசுவாச துரோகிகள் என்று சாடி ஒரு புத்தகம் எழுதி, சபை மேற்பார்வையாளர்களின் அனுமதியில்லாமலே பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கொடுத்து அச்சிட்டார். (பிராங்க்ளின் ஜாக்கிரதையாகத் தன் பெயரைப் போடவில்லை.) 1738இல் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக்கூட்டத்துக்குப் போர்வீரன் உடையும் வாளுமாக வந்தார். மேலே அங்கி போர்த்தியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கையில் உள்ளே குடைந்த ஒரு புத்தகம், அதற்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. அங்கியை உதறிவிட்டு, அடிமைகளை வைத்திருக்கிறவர்களின் ரத்தத்தைக் கடவுள் இப்படித்தான் சிந்துவார் என்று கத்தி, வாளைப் புத்தகத்தில் செருகினார். அருகில் இருந்தவர்கள் மேல் சிவப்பு தெறித்தது. தூக்கி வெளியே போட்டார்கள்.

அந்த ஆண்டே அவரைச் சபை நீக்கிவிட்டது. இங்கிலாந்தில் இருந்தபோதே இரண்டு சபைகள் கைவிட்ட ஆள்தான். ஆனால் 'நீக்கம்' என்றால் என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். குவேக்கர்கள் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. கூட்டத்தின் ஒருமித்த மனம் எதுவென்று மௌனத்தில் தேடுகிறார்கள். நீக்கப்பட்டவரும் வழிபாட்டுக்கு வரலாம், ஆனால் அந்தத் தேடலில் அவர் குரலுக்கு இடமில்லை. அதாவது, "நீ பேசுவது எங்கள் உண்மை அல்ல" என்று எழுதிக் கொடுப்பது அது.

லே போகவில்லை. ஒருமுறை வெளியே தள்ளப்பட்டபோது, மழையில் வாசற்படியிலேயே படுத்துக்கொண்டாராம். உள்ளே இருந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வேறு சபைக்குப் போயிருக்கலாமே, சொந்தமாக ஒன்று ஆரம்பித்திருக்கலாமே என்று தோன்றும். அவருக்கு அது தோன்றியதாகவே தெரியவில்லை. அபிங்டன் பக்கத்தில் ஒரு குகையில் குடியிருந்தார். தன் துணியைத் தானே நூற்றார், அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையைத் தொடவில்லை, கடைசிவரை தன்னைக் குவேக்கர் என்றே சொல்லிக்கொண்டார்.

1758இல் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம், அடிமைகளை வாங்கி விற்பவர்களை நிர்வாகக் கூட்டங்களில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. செய்தி கேட்ட லே, இனி நிம்மதியாகச் சாவேன் என்றாராம். அடுத்த ஆண்டே இறந்தார். 1776இல் அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களையே சபை நீக்கத் தொடங்கியது. லேமீது எடுத்த அதே ஆயுதம்!

இங்கே கதையை முடித்தால் சுகமாக இருக்கும். ஆனால் அதே பிலடெல்பியாவின் ஆர்ச் தெரு வழிபாட்டு இல்லத்தில் 19ஆம் நூற்றாண்டிலும் கறுப்பர்களுக்கென்று தனி பெஞ்ச் இருந்தது. கிரேஸ் டக்ளஸ் என்ற கறுப்பினப் பெண் குவேக்கர் முறைப்படியே வாழ்ந்தவர். விண்ணப்பித்தால் மறுத்துவிடுவார்கள், வேண்டாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் மகள் சாரா மேப்ஸ் டக்ளஸ் சிறுமியாக அம்மாவோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்ததையும், வேறு யாரும் அதில் உட்காராமல் காவல் காத்ததையும் பிற்பாடு கடிதத்தில் எழுதினார். லேயைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். இவர்களை எழுதவே இல்லை.

மார்கஸ் ரெடிக்கர் எழுதிய லேயின் வாழ்க்கை வரலாறு 2017இல் வந்தது. அதை ஒட்டி, அவரை நீக்கிய சபைகள் பழைய ஏடுகளைப் புரட்டின. அபிங்டன் சபைக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்: இறந்தவருக்கு உறுப்பினர் தகுதியைத் திருப்பித்தர முடியாது. அதனால் அவர் உண்மையின் நண்பர், தங்கள் சபையின் ஆவியோடு ஒன்றுபட்டவர் என்று மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்கள். 2018இல் அபிங்டன் இடுகாட்டில் பெஞ்சமினுக்கும் சாராவுக்கும் சேர்த்து ஒரு கல் நட்டார்கள். அவர்கள் புதைக்கப்பட்ட சரியான இடம் தெரியாததால், உத்தேசமாக.