இரண்டாம் இழை எந்தப் பக்கம் வளரும்?

செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் விலகுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு புதிய இணையைப் பெறுகிறது. 1958-இல் கலிஃபோர்னியாவில் ஆய்வாளர்கள் மெசல்சனும் ஸ்டாலும் இதை ஐயமின்றிக் காட்டினார்கள். புதிய இழையைக் கட்டும் பாலிமரேஸ் நொதியைக் கண்டறிந்த ஆர்தர் கோர்ன்பெர்க் 1959-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நின்றது.

இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. பாலிமரேஸோ ஒரே திசையில்தான் கட்டும். அப்படியானால் இழைகள் பிரியும் கவையில் ஒரு பக்கம் தடையின்றி வளரலாம். மறுபக்கம் எப்படி வளரும்? 1963-இல் ஜான் கெய்ர்ன்ஸ் எடுத்த படங்களில் இரு பக்கமும் ஒன்றாகவே வளர்வதாகத் தெரிந்தது.

விடை ஜப்பானிலிருந்து வந்தது. நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகாசாகியும் அவர் மனைவி சுனேகோவும் இதற்காகவே ஒரு சோதனையை வகுத்தார்கள். ஈ. கோலி பாக்டீரியாவைக் குளிர்வித்து அதன் வேகத்தைக் குறைத்தார்கள். டி.என்.ஏ.வைக் கட்டும் பொருள்களில் ஒன்றான தைமிடினைக் கதிரியக்கம் ஏற்றிச் சில விநாடிகள் மட்டும் கொடுத்து, உடனே எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பிறகு இழைகளைக் காரத்தில் பிரித்து, மையவிலக்குப் பொறியில் நீளவாரியாகத் தரம் பிரித்தார்கள். அப்போதுதான் பிறந்த டி.என்.ஏ. நீண்ட இழையாக இல்லை. ஏறக்குறைய 1,000 முதல் 2,000 எழுத்துகள் கொண்ட சிறு துண்டுகளாக இருந்தது. தைமிடினைக் கூடுதல் நேரம் கொடுத்தபோது, அதே கதிரியக்கம் நீண்ட இழைகளில் தென்பட்டது.

கையால் தைக்கும்போது ஊசி ஒவ்வொரு முறையும் பின்னே குத்த, தையல் மட்டும் முன்னே போகிறதல்லவா? இரண்டாம் இழையும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டும் பின்னோக்கிக் கட்டப்படுகிறது. இழை மொத்தமும் முன்னோக்கி வளர்கிறது. துண்டுகளை ஒட்டுவது லிகேஸ் நொதி. அந்த நொதி பழுதான வைரஸில் துண்டுகள் ஒட்டாமல் குவிந்து கிடந்ததையும் இத்தம்பதியர் காட்டினார்கள். 1968-இல் வெளியான இந்த முடிவுகள் டி.என்.ஏ. ஆய்வின் போக்கையே மாற்றின.

ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945-இல் அங்கே அணுகுண்டு விழுந்தபோது அவருக்கு வயது 14, கதிர்வீச்சுக்கு ஆளானார். 1975-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தபோது 44 வயதுதான். இரு குழந்தைகளோடு தனித்து நின்ற சுனேகோ ஆய்வை விடவில்லை. ஒவ்வொரு துண்டும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. முனையிலிருந்தே தொடங்குகிறது என்பதை அவர் குழு உறுதிசெய்தது. 2021-இல் ஜப்பான் அரசு அவருக்குப் பண்பாட்டு விருது அளித்துக் கௌரவித்தது.

‘ஒகாசாகி துண்டுகள்’ என்பதை நம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் படிக்கிறார்கள். அந்தப் பெயர் ஒருவருடையதன்று, இருவருடையது என்பதையும் ஆசிரியர்கள் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.