படியிலிருந்து லிட்டருக்கு: கோவை வட்டார நீர்ம அளவைகளில் அலகுத் தேர்வு

தமிழ் மரபில் முகத்தலளவை தானியத்திற்கும் நீர்மத்திற்கும் பொதுவானது. நெல், பால், எண்ணெய் ஆகியவை படியால் அளக்கப்பட்டன. கொங்கு வட்டாரத்தில் தானியத்திற்கு வள்ளமும் வழங்கியது. 1956ஆம் ஆண்டின் எடை, அளவைகள் தரப்படுத்தற் சட்டத்தால் மெட்ரிக் முறை நாடெங்கும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது இப்பொதுமை குலைந்தது. தானியம் கிலோகிராமுக்கு மாறியது. நீர்மத்திற்கு லிட்டர் வாய்த்தது. இப்பிரிவினைக்கு நியாயம் உண்டு. தானியத்தைக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். ஆகவே ஒரே படி இருவேறு அளவு தரும். நீர்மமோ தானே மட்டம் கொள்ளும்.

எனினும், லிட்டரை ஏற்றதோடு அலகுத் தேர்வு முடிந்துவிடவில்லை. பழைய வாய்பாடு இரட்டித்தலால் ஆனது: 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. மெட்ரிக் அளவுக் கலங்களோ 50, 100, 200, 500 மில்லிலிட்டர் என 1, 2, 5 வரிசையில் அமைந்தவை. பால் வாங்குவோர் கேட்கும் 'அரை லிட்டர்' இவ்வரிசையில் நேராகப் பொருந்துகிறது. 'கால் லிட்டர்' பொருந்துவதில்லை. 200, 50 ஆகிய இரு கலங்கள் வேண்டும். அரைக்கால் லிட்டராகிய 125 மில்லிலிட்டருக்கு நேரான கலமே இல்லை. பெயர் மாறியபோதும் பாதியாக்கிக் கணக்கிடும் வழக்கம் பேச்சில் நீடித்தது. பாதியாக்குதல் கண்ணளவில் இயலும், பத்தில் ஒன்றாக்குதல் இயலாது என்பதே இதன் காரணமாகலாம்.

சட்டம் இதனை வேறு வழியில் எதிர்கொண்டது. 2011ஆம் ஆண்டின் பொதிப்பொருள் விதிகளின்படி, ஒரு லிட்டருக்குக் குறைந்த அளவை மில்லிலிட்டரில் குறிக்க வேண்டும். எனவே பால் உறையில் 0.5 லிட்டர் என்றில்லாமல் 500 மில்லிலிட்டர் என அச்சாகிறது. பின்னமும் தசமப் புள்ளியும் தவிர்க்கப்பட்டு, முழு எண் கிடைக்கிறது.

இதே நெறியைப் பேரளவிலும் காணலாம். நீரேற்று இயந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற பீளமேட்டில் பம்பின் வெளியேற்று அளவு விநாடிக்கு இத்தனை லிட்டர் எனக் குறிக்கப்படுகிறது. விநாடிக்கு 5 லிட்டர் என்பதும் மணிக்கு 18 கன மீட்டர் என்பதும் ஒன்றே. குழாய் முனையில் வாளி வைத்து நேரம் பார்ப்பவருக்கு முன்னது உதவும். கிணற்றின் கொள்ளளவை நீள, அகல, ஆழத்தால் கணிப்பவருக்குப் பின்னது உதவும்.

ஆகவே பொருத்தமான அலகு எது என்பதை அளக்கப்படும் பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை; அளப்பவரின் கருவியும் கணக்கிடும் பழக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அளவை மாற்ற வரலாற்றை ஆராய்வோர் சட்ட நாள்களோடு நின்றுவிடாமல், கலங்களின் வரிசையையும் கடைப்பேச்சையும் சான்றுகளாகக் கொள்ள வேண்டும்.