அடுப்புக்கு அரை மணி நேரம்

“சமைக்க நேரமில்லை” என்று வேலைக்குப் போகும் மருமகள் சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை. “அந்தக் காலத்தில் அம்மியில் அரைத்துக் குழம்பு வைத்தோம். இப்போது மீஹூனை ஊறப்போட்டு, கிச்சாப்பை ஊற்றிக் கிளறி, இதுதான் இரவுச் சாப்பாடு என்கிறார்கள்” என்ற அங்கலாய்ப்பைக் கிள்ளான் கல்யாண வீடுகளிலும் கேட்கலாம்; பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும் கேட்கலாம்.

இந்தக் குறையில் ஒரு தவறு இருக்கிறது. அந்தக் காலத்திலும் நம் பெண்களில் பெரும்பாலோருக்கு நேரம் இருந்ததில்லை. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வீடுகளில் இன்று புழங்கும் அவசரச் சமையலும் அதில் கலந்திருக்கும் சீன, மலாய்ச் சுவையும் நேற்று வந்த நாகரிகம் அல்ல. வேலைக்குப் போன பெண்கள், கிடைத்த கொஞ்ச நேரத்தில், கிடைத்த பொருளைக் கொண்டு உண்டாக்கியவை அவை.

ரப்பர் தோட்டத்து நாளை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்கு முன் சீவினால்தான் மரத்தில் பால் நன்றாக வடியும். அதனால் விடியும் முன்பே பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையில் நிற்க வேண்டும். பெரட்டுக்கு முன் அடுப்பு மூட்டி, சோறு வடித்து, தூக்குச் சட்டியில் போட்டு, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் தாய் வரிசைக்கு வருவாள். சீவி முடித்து, பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால் அங்கே விறகும் தண்ணீரும் துணியும் காத்திருக்கும். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வீட்டு அடுப்பு வேலைக்குக் கூலி எதுவும் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரப் பஞ்சம் கிள்ளானில் ஒரு போராட்டமாகவே வெடித்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி ஆகியவற்றோடு, நாளுக்கு 10 முதல் 12 மணி நேரம் வேலை வாங்குவதை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதன் அந்த மே மாதம் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது.

பிறகு ஜப்பானியர் காலம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே உணவானது. ஆண்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பல லயங்களில் உழைப்பும் அடுப்பும் பெண்ணின் தலையிலேயே விழுந்தன.

போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948-ல், அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் உணவுக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தது. கட்டுப்பாடு இருந்த இடங்களில், டின் உணவை விற்கும்போதே கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின்னை ஒளித்து வைக்க முடியாது. அன்றே திறந்து அன்றே சமைத்தாக வேண்டும்.

சார்டின் டின்னுக்கு நம் வீடுகளில் இருக்கும் இடத்தை நினைத்தால் இது ஒரு விசித்திரமான பொருத்தம்தான். மீன் ஏற்கெனவே வெந்தது, தக்காளிச் சாறும் உள்ளேயே இருக்கிறது. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மிளகாய்த் தூள் போட்டு, டின்னைக் கவிழ்த்து, இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் 15 நிமிடத்தில் சோற்றுக்குக் குழம்பு தயார். அய்ரோப்பியர் அடைத்து விற்ற டின், தமிழர் தாளிப்பு, மலாய்க்காரரின் சம்பாலைப் போன்ற காரம். மாதக் கடைசியில் இதைச் சாப்பிட்டு வளராத தோட்டத்துப் பிள்ளை உண்டா?

அப்படியானால் பெரியவர்கள் சொல்லும் அம்மிக் காலம் பொய்யா? பொய்யல்ல. அது எந்த வீட்டு நினைவு என்று கேட்க வேண்டும். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னர் ரயில்வே ஊழியர்களின் ஊரானது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களும் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கிய கிராணி வீட்டில் மனைவி பெரும்பாலும் வேலைக்குப் போகவில்லை. வறுத்து, இடித்து, அரைத்துச் சமைக்க அங்கே பொழுது இருந்தது. நம் பாரம்பரியச் சமையல் என்று பெருமையாகப் பேசப்படுவதில் பாதி அந்த வீடுகளின் சமையல். அதை எல்லார் வீட்டு வரலாறாகவும் ஆக்கிவிட்டு, பால் மரம் சீவிய பெண்ணின் பேத்தியைச் சோம்பேறி என்பது நியாயமில்லை.

1970களில் அந்தப் பேத்தியின் அம்மா தோட்டத்தை விட்டு வெளியே வந்தாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பெட்டாலிங் ஜெயா சுங்கைவேயில் சுதந்திர வாணிப மண்டலம் உருவானது. மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களையே அதிகம் தேடின. மலாய்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள், தமிழ்ப் பெண்களும் சேர்ந்தார்கள். பெரட்டுச் சங்குக்குப் பதில் தொழிற்சாலைப் பேருந்து. காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாரத்துக்கு வாரம் மாறும் வேலையில், வேளைக்கு அடுப்பு மூட்டுவது எப்படி?

அதே நேரத்தில்தான் மேகி மீ இந்நாட்டுக் கடைகளுக்கு வந்தது. இந்தியாவுக்கு அது 1980களில்தான் போனது. உடனடி மீயைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் மொமொபுகு அண்டோ, ஆண்டு 1958. ஆனால் ‘மேகி’ என்ற பெயரின் கதை இன்னும் பழையது. சுவிட்சர்லாந்தில் 1880களில் தொழிற்சாலைப் பெண்கள் சமைக்க நேரமின்றிச் சத்தில்லாத உணவைச் சாப்பிட்டு நலிந்து போகிறார்கள் என்று ஒரு மருத்துவர் கவலைப்பட்டார். அதைக் கேட்டு மாவு ஆலைக்காரர் ஜூலியஸ் மேகி, பயறு, பட்டாணி மாவைக் கொண்டு சட்டென்று கரைத்துக் காய்ச்சும் சூப்பைத் தயாரித்தார். ஒரு நாட்டுத் தொழிற்சாலைப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பிறந்த பண்டம், 90 ஆண்டு கழித்து வேறொரு நாட்டுத் தொழிற்சாலைப் பெண்ணின் கைக்கு வந்தது. நடுவில் பயறு போய் மைதா வந்துவிட்டது, அதுதான் வருத்தம்.

நம் பெண்கள் அந்தப் பாக்கெட்டை அப்படியே விட்டுவிடவில்லை. மாமாக் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் சீனரின் மஞ்சள் மீயை மிளகாய் விழுது, கிச்சாப், தவு, தவுகே, உருளைக்கிழங்கு சேர்த்துப் பிரட்டி மீ கோரேங் ஆக்கியிருந்தார்கள். வீட்டிலும் அதே வித்தைதான். முட்டை ஒன்று, ஒரு பிடி சாவிக் கீரை, நேற்று மிஞ்சிய கோழிக் கறி. அடுத்த வீட்டுச் சீன அம்மாவிடம் கீரையைப் பெரிய நெருப்பில் ஒரு நிமிடத்தில் வதக்கக் கற்றுக்கொண்டார்கள். மலாய்த் தோழியிடம் பெலாச்சானைச் சுட்டு இடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அம்மிக்குப் பதில் மில்லில் அரைத்த மசாலைத் தூள் வந்தது, பிறகு பாக்கெட்டும் பிளெண்டரும் வந்தன. குளிர்பெட்டி வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் வெங்காயம், இஞ்சி, பூண்டு அரைத்து வாரம் முழுவதும் எடுத்துப் போடும் பழக்கமும் வந்தது. இவற்றை யாரும் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை.

எல்லா அவசரச் சமையலும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால் அது 18.3 விழுக்காடு. பாக்கெட் மசாலையின் உப்பைப் பாதியாகக் குறைத்து, மீயைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவதற்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் போதும். வெளியே ரொட்டி சானாய்க்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் வீட்டில் சார்டின் குழம்பும் வதக்கிய காங்கோங் கீரையும் முடிந்துவிடும்.

அந்தக் கூடுதல் ஐந்து நிமிடம் யாருடையது என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. 1941-ல் கிள்ளான் தொழிலாளர்கள் வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டார்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான். கோலாலம்பூரில் வேலை முடிந்து கிள்ளானுக்குக் கம்யூட்டர் ரயில் ஏறும் தாய்க்குப் பயண நேரம் அந்தக் கணக்கில் வராது. வீட்டுக்கு வந்து அடுப்பு முன் நிற்கும் நேரமும் வராது. ஏழு மணிக்குக் கதவைத் திறக்கும்போது, வீட்டில் முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் கணவரோ வளர்ந்த மகனோ மீஹூனை ஊறப்போட்டு வைத்திருந்தால், ஏழரைக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.