சாவிக்கு என்ன அர்த்தம்?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரி நாடகப் பட்டறையில் ஃப்ராங்கா ராமேயின் ‘விழிப்பு’ என்ற ஓராள் நாடகத்தை மாணவிகளோடு சேர்ந்து வாசித்தேன். இத்தாலியில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஓர் இளம் தாய் விடிகாலையில் பதறி எழுகிறாள். கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். வீட்டுச் சாவியைக் காணோம். நாடகம் முழுக்க அவள் தேடுவது அந்தச் சாவியைத்தான். ‘சாவி இங்கே எதைக் குறிக்கிறது?’ என்று கேட்டேன். விடுதலை, அதிகாரம், அடையாளம் என்று வந்த பதில்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். மாமியாரின் இடுப்பிலிருந்து மருமகளின் இடுப்புக்கு மாறும் சாவிக்கொத்தைக் கதைகளிலும் சினிமாவிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குச் சாவி என்றாலே அதிகாரம்தான்.

கடைசி வரிசையில் ஒரு மாணவி மட்டும் எதுவும் சொல்லவில்லை. கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எங்கம்மா பனியன் கம்பெனிக்குப் போறாங்க மேடம். காலையில சாவியக் காணோம்னா அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்க மாட்டாங்க. பஸ்ஸ விட்டுட்டா அரை ஷிப்டு போயிரும்.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை ஆண்டுகளாக நான் நாடகம் சொல்லிக்கொடுத்த முறையில் எதை விட்டிருந்தேன் என்பது அந்த அரை ஷிப்டில் தெரிந்தது.

ஓராள் நாடகத்தில் நடிப்பவருக்குத் துணையாக வேறு ஆள் கிடையாது. கையில் எடுக்கும் பொருள்தான் எதிரே நிற்கும் பாத்திரம். அதனால்தான் தொலைபேசி, இஸ்திரிப் பெட்டி, சாவி என்று எல்லோருக்கும் பழகிய பொருள்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாசிக்கும் நாமோ பொருளைக் கண்ட மாத்திரத்தில் அதைக் குறியீடாக்கிவிடுகிறோம். அம்மி என்றால் தாயின் தியாகம், ஜன்னல் என்றால் ஏக்கம். குறியீடாக்கியதும் அந்தப் பொருளைத் தூக்கிய, தேய்த்த, கழுவிய கை கண்ணிலிருந்து மறைந்துபோகிறது. அந்தக் கையை மறக்காமல் பழைய நாடகங்களைத் திரும்பப் படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்க்கத் தொடங்கினேன். 1916, 1930, 1977 என்று மூன்று ஆண்டுகள் எனக்கு முக்கியமாகத் தெரிந்தன.

முதலாவது தனியுரை நாடகம் அல்ல. ஆனால் பொருளை வாசிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1900 டிசம்பரில் ஒரு பண்ணை வீட்டில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கோடரியால் வெட்டப்பட்டார். அவருடைய மனைவி மார்கரெட் ஹாசக் மீது வழக்கு நடந்தது. ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி 1901இல் அவரைக் குற்றவாளி என்றது. மேல்நீதிமன்றம் மறு ஆண்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கைப் பற்றி நாளிதழுக்கு எழுதிய இளம் செய்தியாளர் சூசன் கிளாஸ்பெல். 1916இல் ப்ராவின்ஸ்டவுனில் மேடையேறிய ‘அற்பங்கள்’ என்ற அவருடைய ஓரங்க நாடகம் அந்த நினைவிலிருந்து பிறந்தது.

அதில் குற்றம் சாட்டப்பட்ட பெண் மேடைக்கு வரவே மாட்டாள். அவளுடைய சமையலறை மட்டும் இருக்கும். ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் அங்கே பார்க்க எதுவும் இல்லை என்று மாடிக்கும் தொழுவத்துக்கும் போகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் பாதி துடைத்த மேசையையும், குளிரில் வெடித்த பழப்பாகு ஜாடிகளையும், திடீரென்று கோணிப்போன தையலையும், கழுத்து முறிக்கப்பட்ட பறவையையும் பார்க்கிறார்கள். மேசையைத் துடைத்துப் பழகியவர்களுக்குத்தான் பாதியில் நின்ற துடைப்பின் பொருள் புரியும். கண்ணகி பாண்டியன் அவைக்குக் கொண்டுபோன ஒற்றைச் சிலம்பை நாம் சின்னமாகவே கொண்டாடுகிறோம். அவளுக்கு அது வழக்கில் வைத்த சான்று. கிளாஸ்பெல்லின் கோணல் தையலும் அப்படித்தான். அந்தச் சான்றை அவையில் வைக்காமல் மறைத்துவிடுவது என்று அந்த இரு பெண்களும் முடிவு செய்வதுதான் வேறுபாடு.

1930 பிப்ரவரியில் பாரிஸின் கொமேதி ஃப்ரான்ஸேஸ் அரங்கில் ஜான் கொக்தோ எழுதிய ‘மனிதக் குரல்’ மேடையேறியது. பெர்த் போவி நடித்தார். மேடையில் ஒரே ஒரு பெண், ஒரே ஒரு தொலைபேசி. அவளைக் கைவிட்டு வேறொருத்தியை மணக்கப்போகும் காதலனோடு அவள் பேசும் கடைசிப் பேச்சு. அவனுடைய குரல் நமக்குக் கேட்காது. கடைசியில் அந்தத் தொலைபேசிக் கம்பியையே கழுத்தில் சுற்றிக்கொள்கிறாள்.

தொலைபேசி என்றால் தனிமை என்றுதான் நானும் முன்பு சொல்லிக்கொடுத்தேன். இப்போது வாசிக்கும்போது வேறொன்று காதில் விழுகிறது. இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. நடுவே யாரோ ஒரு பெண் குறுக்கிடுகிறாள். இவள் ‘மத்மொஸெல், மத்மொஸெல்’ என்று இணைப்பகத்தில் இருப்பவளைக் கெஞ்சுகிறாள். பிரான்சில் அந்த வேலையில் இருந்த பெண்களுக்கு ‘தொலைபேசிக் கன்னியர்’ என்றே பெயர். காதைச் சுற்றிக் கருவியை மாட்டிக்கொண்டு, நாள் முழுவதும் அடுத்தவர் பேச்சை இணைத்தும் பிரித்தும் கொடுத்த உழைப்பாளிகள் அவர்கள். கொக்தோவின் நாடகத்தை ஒரு பெண்ணின் கண்ணீர்க் கதை என்றே சொல்வார்கள். அந்தக் கம்பியின் மறுமுனையில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவளுக்கு நாடகத்தில் ஒரு வரி வசனம்கூட இல்லை. பொருளை வெறும் குறியீடாகப் பார்த்தவரை எனக்கும் அவள் தெரியவில்லை.

1916இல் பொருள் பேசியது, பெண் வரவில்லை. 1930இல் பெண் பேசினாள், அந்தப் பேச்சை ஓர் ஆண் எழுதினார். 1977 டிசம்பரில் மிலானில் நடந்தது வேறு.

அந்த நகரின் பழைய காய்கறிச் சந்தையைச் சேர்ந்த பலாட்ஸினா லிபர்ட்டி என்ற கட்டிடத்தை டாரியோ ஃபோ, ஃப்ராங்கா ராமே குழுவினர் 1974இல் கைப்பற்றி அரங்கமாக்கியிருந்தார்கள். அங்கேதான் ராமே தனியாளாக நின்று பல தனியுரைகளை ஒரே மாலையில் நடித்தார். ஒழுக்கமான பெண்ணை ‘வீடும் தேவாலயமும்’ என்று சொல்வது இத்தாலிய வழக்கு. அதன் நடுவே ‘படுக்கை’யைச் செருகி நிகழ்ச்சிக்குத் தலைப்பு வைத்தார்கள். கேட்டவுடன் அந்த ஊர்ப் பெண்கள் சிரித்திருப்பார்கள்.

சிரிப்பின் பின்னால் இருந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1942ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி இத்தாலியில் குடும்பத் தலைவன் கணவன்தான். அவன் எங்கே குடியேறினாலும் மனைவி பின்னால் போகக் கடமைப்பட்டவள். 1975 மே மாதச் சட்டம்தான் அதை மாற்றியது. அதற்கு முந்தைய ஆண்டு, விவாகரத்துச் சட்டத்தை ஒழிக்கக் கோரிய பொதுவாக்கெடுப்பு தோற்றது. 1972இல் பதுவா நகரில் மரியரோஸா தல்லா கோஸ்தா போன்றவர்கள் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டுக் குரல் எழுப்பியிருந்தார்கள்.

இந்தப் பின்னணியில் ‘விழிப்பு’ நாடகத்துப் பெண் சாவியைத் தேடுகிறாள். பவுடர் என்று நினைத்துக் குழந்தைக்குத் துருவிய சீஸைப் பூசிவிடுகிறாள். சாவியை எங்கே வைத்தோம் என்று கண்டுபிடிக்க, முந்தைய மாலையை ஒவ்வொரு அசைவாக நடித்துப் பார்க்கிறாள். பையோடு உள்ளே வந்தது, குழந்தையை வாங்கியது, சமைத்தது, கணவனோடு சண்டை போட்டது. மறுநாள் வேலைக்குத் தகுதியாக அவனைத் தேற்றி அனுப்புவது அவள்தான், முதலாளிக்கு அது இலவசம் என்பதுதான் அந்தச் சண்டை. சாவியைத் தேடும் சாக்கில் வீட்டு வேலைக் கணக்கு முழுவதும் மேடைக்கு வந்துவிடுகிறது. ஒரு வழியாகச் சாவி கிடைக்கிறது. கிளம்பும்போதுதான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிகிறது.

அதே மாலையில் ராமே நடித்த இன்னொரு தனியுரை ‘தனியாக ஒரு பெண்’. அதில் கணவன் மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். அவள் இஸ்திரி போட்டபடி, எதிர்வீட்டு ஜன்னலில் புதிதாகத் தெரிந்த பெண்ணிடம் தன் கதையைச் சொல்கிறாள். தனிமை தெரியாமலிருக்க வீட்டில் ரேடியோவும் டிவியும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கடைசியில் துப்பாக்கியோடு கணவனுக்காகக் காத்திருக்கிறாள். ஒருத்திக்கு வெளியே ஓடச் சாவி இல்லை. இன்னொருத்தியின் வீட்டுச் சாவி கணவனின் பையில். சாவிக்கு ஓர் அர்த்தம் எழுதிவிட்டால் இந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை இழந்துவிடுவோம்.

பேசியவர் யார் என்பதிலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. இந்தத் தனியுரைகளில் இருவருடைய எழுத்தும் உண்டு. 1997இல் நோபல் பரிசு ஃபோவின் பெயருக்கு மட்டும் வந்தது. நாடோடி நாடகக் குடும்பத்தில் 1929இல் பிறந்து, சிறு வயதிலிருந்தே மேடையில் வாழ்ந்து, 2013இல் மறைந்த ராமேயை இன்றும் பலர் ‘ஃபோவின் மனைவி’ என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். வீட்டுக்குள் மறையும் உழைப்பு எழுத்து மேசையிலும் மறையும்.

இப்போதெல்லாம் பட்டறையில் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்று நான் தொடங்குவதில்லை. பொருளை நடுவில் வைத்துவிட்டு வேறு கேள்விகளைக் கேட்கிறேன். இது யாருக்குச் சொந்தம்? தினமும் இதில் யாருடைய கை படுகிறது? இது தொலைந்தால், அறுந்தால், உடைந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இவற்றுக்குப் பதில் வந்த பிறகு குறியீட்டுக்கும் இடம் உண்டு. ஆனால் முதல் இடம் அதற்கு இல்லை.

அந்த மாணவி பட்டறையின் கடைசி நாளில் மூன்று நிமிடத் தனியுரை ஒன்றை எழுதி நடித்தாள். பொருள், டிபன் பாக்ஸ். நான்கு டப்பாக்களை வரிசையாக வைத்து நிரப்பினாள். அப்பாவுக்கு, தம்பிக்கு, தனக்கு என்று மூன்றை மூடினாள். அம்மாவின் டப்பாவுக்கு வந்தபோது பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது. வெளியே பஸ்ஸின் ஹாரன். நான்காவது டப்பாவை அப்படியே விட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். வகுப்பில் யாரும் அந்த டப்பாவுக்கு அர்த்தம் கேட்கவில்லை.