ஏலக்காய் விலையும் வெள்ளைப் பக்கமும்: ரெண்டரிங்கின் கதை

வெப் டெவலப்மென்ட் புதுசா கத்துக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி: சர்வர் சைடு ரெண்டரிங்கா, கிளையன்ட் சைடு ரெண்டரிங்கா? பதிலுக்கு நம்ம போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தையே எடுத்துக்குவோம்.

ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் போடியிலயும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலயும் நடக்குது. வந்த காய் எத்தனை கிலோ, வித்தது எத்தனை, அதிக விலை, சராசரி விலைன்னு ஒரு அட்டவணை போர்டோட வெப்சைட்ல வரும். கம்பம் பள்ளத்தாக்குல வீடும் மலைமேல தோட்டமும் வச்சிருக்கிற விவசாயிக்கு, காயை அனுப்பலாமா, இருப்பு வைக்கலாமான்னு யோசிக்க அந்த நாலு எண் போதும். அந்த மாதிரி ஒரு பக்கத்தை நீங்க எழுதினா எப்படி எழுதுவீங்க?

1993ல சிஜிஐ, 1995ல பிஎச்பி வந்தப்போ வேலை முழுக்க சர்வரோடது. எச்டிஎம்எல்லை முழுசா தயார் பண்ணி அனுப்பும், பிரவுசர் காட்டும். காயை உலர்த்தி, தரம் பிரிச்சு, மூட்டையா அனுப்புற மாதிரி. ஆனா ஒரு சின்ன மாற்றத்துக்கும் பக்கம் மொத்தமா திரும்ப வரணும்.

2004ல ஜிமெயில், 2005ல கூகுள் மேப்ஸ் அந்தக் குறையைத் தீர்த்துக் காட்டின. தேவையான டேட்டாவை மட்டும் பின்னணியில வாங்குற இந்த முறைக்கு ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 2005ல 'அஜாக்ஸ்'னு பேர் வச்சார். 2010ல ஆங்குலர்ஜேஎஸ், 2013ல ரியாக்ட் வந்தபிறகு பல தளங்கள் கிட்டத்தட்ட காலியான எச்டிஎம்எல்லோட பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கட்டு ஒண்ணை அனுப்ப ஆரம்பிச்சது. பச்சைக் காயையும் அடுப்பையும் வீட்டுக்கே அனுப்பி, நீங்களே உலர்த்திக்கோங்கன்னு சொல்ற கதை! சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுற மலையில, அந்தக் கட்டு இறங்குற வரைக்கும் திரையில வெள்ளைப் பக்கம்தான்.

ட்விட்டர் 2010ல இந்த வழிக்குப் போய், 2012ல ரெண்டரிங்கை சர்வருக்கே திருப்பிக் கொண்டுவந்துச்சு. முதல் பக்கம் வர்ற நேரம் அஞ்சில ஒரு பங்காக் குறைஞ்சதா அவங்களே எழுதினாங்க. 2016ல வந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் ரெண்டையும் சேர்த்துச்சு: முதல்ல சர்வர் தயாரிச்ச பக்கம், அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட் வந்து அதுக்கு உயிர் கொடுக்கும். அதுக்குப் பேர் ஹைட்ரேஷன்.

அப்போ என் கணக்கு இதுதான். நொடிக்கு நொடி விலை ஏறுற ஏலத் திரையா? கிளையன்ட் சைடு. ஏலம் முடிஞ்சு வர்ற விலை அட்டவணையா? சர்வர் சைடு. உலர்த்துற வேலையை யார் தலையில வைக்கிறோம், அவங்க போனுக்கும் சிக்னலுக்கும் அது தாங்குமான்னு கேட்டுப் பாருங்க.

இன்னைக்கு ஒரு வேலை: நீங்க எழுதின பக்கத்துல 'வியூ பேஜ் சோர்ஸ்' திறங்க. விலை எண் அங்க எழுத்தா இருந்தா சர்வர் அனுப்பினது. காலி டிவ் மட்டும் இருந்தா, அடுப்பு உங்க வாசகர் வீட்டுல எரியுது.