கண்டி – பேராதனை ஆயுர்வேத நலவாழ்வுத் தொழில்

கண்டி நகரிலும் பேராதனையிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் எண்ணெய்ச் சிகிச்சை, மூலிகை நீராவி, மசாஜ் முதலியவற்றைக் கட்டணத்துக்கு வழங்கும் சுற்றுலாசார் தொழில். ஹோட்டல் ஸ்பாக்கள், தனி ஆயுர்வேத நிலையங்கள், வாசனைத் திரவியத் தோட்டங்கள் ஆகியவற்றில் இது நடைபெறுகிறது.

பின்னணி

நோயாளியை மூலிகை எண்ணெயில் கிடத்தும் வழக்கம் இலங்கையில் பழையது. மிகிந்தலையில் 9ஆம் நூற்றாண்டு மடாலய மருத்துவமனையின் இடிபாடுகளில், மனித உருவுக்கேற்பக் குடையப்பட்ட கல் மருந்துத் தொட்டி இன்றும் உள்ளது. பேராதனையில் 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய தாவரவியற் பூங்கா, மகாவலி கங்கை வளைந்தோடும் 147 ஏக்கர் நிலத்தில் மூலிகைகளையும் வாசனைப் பயிர்களையும் வளர்க்கிறது. 1880இல் அதன் பொறுப்பேற்ற ஹென்றி டிரைமன், ராபர்ட் பென்ட்லியுடன் சேர்ந்து மருத்துவத் தாவரங்கள் பற்றிய பெருநூலை எழுதியவர். 1980களில் பேருவளை, பெந்தோட்டைக் கரையோரத்தில் வளர்ந்த ஆயுர்வேத விடுதி முறை இன்று மலைநாட்டிலும் காணப்படுகிறது.

சிகிச்சைகள்

அப்பியங்கம் என்பது உடல் முழுதும் வெதுவெதுப்பான எண்ணெய் தேய்ப்பது. சிரோதாரையில், தொங்கவிட்ட பாத்திரத்திலிருந்து நெற்றியில் எண்ணெய் இடையறாது ஒழுகும். சுவேதனம் மூலிகை ஆவியால் வியர்க்கச் செய்வது. கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளருக்கும் இது பொதுவாக ஏற்றதல்ல.

வாந்தி, பேதி, வஸ்தி (எனிமா), நசியம் (மூக்குவழி மருந்து), குருதி நீக்கம் ஆகிய ஐந்தும் பஞ்சகர்மம். எண்ணெயும் வியர்வையும் அதற்கு உடலைப் பக்குவப்படுத்தும் முன்னேற்பாடுகளே. முழுச் சிகிச்சைக்கு மருத்துவரின் பரிசோதனையும் உணவுக் கட்டுப்பாடும் பல நாட்களும் வேண்டும். ஒரு மணி நேர ஸ்பா சேவை தருவது பெரும்பாலும் அந்த முன்னேற்பாட்டை மட்டுமே; அதன் பயன் ஓய்வும் தசைத் தளர்வும்.

வாசனைத் திரவியத் தோட்டங்கள்

மாத்தளை, மாவனல்லைச் சாலைகளில் உள்ள இத்தோட்டங்கள் கறுவா, ஏலம், மிளகுச் செடிகளைச் சுற்றிக்காட்டி, தலைக்கும் தோளுக்கும் சிறிது நேரம் எண்ணெய் தேய்த்துவிட்டு, எண்ணெய்களையும் களிம்புகளையும் விற்கின்றன.

ஒழுங்குமுறை

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, தேசிய வைத்தியம் ஆகியவற்றையும் உள்ளடக்கும். இம்முறைகளில் மருத்துவம் பார்ப்போரை ஆயுர்வேத மருத்துவ சபை பதிவு செய்கிறது.

மூலப்பொருள்

மருந்துகளில் பெரிதும் பயன்படும் மரமஞ்சள் மெதுவாக வளரும் காட்டுக்கொடி. மிகை அறுவடையால் காடுகளில் அருகிவருவதால், அதைப் பயிராக்குவது இத்துறையின் தேவைகளுள் ஒன்றாகியுள்ளது.