வழி அறிவிப்பும் சரிபார்க்கும் பொறுப்பும்

2008 பிப்ரவரி 24 அன்று உலகின் பல பகுதிகளில் யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் முடங்கியது. அதன் சர்வர்கள் பழுதாகவில்லை. எவரும் ஊடுருவவும் இல்லை. யூடியூபைத் தடுக்கும்படி பாகிஸ்தான் அரசு இட்ட ஆணையை நிறைவேற்ற, பாகிஸ்தான் டெலிகாம் தன் வலையமைப்புக்குள் ஓர் ஏற்பாடு செய்தது. அது எல்லை தாண்டிக் கசிந்துவிட்டது.

இணையத்தின் அரிச்சுவடியைப் பலரும் அறிவார்கள். ஐபி முகவரி என்பது ஓர் எண். பழைய நான்காம் பதிப்பில் 32 பிட் நீளமுடையது, ஆகவே மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகளே சாத்தியம். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அந்த எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். செய்தி சிறு பொதிகளாகப் பிரிந்து பயணிக்கிறது. வந்தவற்றை வரிசைப்படுத்துவதும் தொலைந்ததை மறுபடி அனுப்பச் செய்வதும் டிசிபியின் வேலை. ஆனால் பொதி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? பாடநூல்கள் விரைந்து கடந்துவிடும் இந்த இடத்தில்தான் இணையத்தின் பெரும்பலவீனம் இருக்கிறது.

இணையம் பல்லாயிரம் தன்னாட்சி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றும் "இந்த முகவரிகளுக்கு என் வழியே வரலாம்" என்று அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கிறது; அவை தம் அண்டைகளுக்குச் சொல்கின்றன. இந்த நெறிமுறையின் பெயர் பிஜிபி. கர்க் லாஹீடும் யாகோவ் ரெக்டரும் 1989இல் இதை வடிவமைத்தபோது, அறிவிப்பவர் அந்த முகவரிகளுக்கு உரியவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

யூடியூப் 1,024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் அதற்குள் அடங்கிய 256 முகவரிகளை மட்டும் தன்னுடையதாக அறிவித்தது. ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் பொருந்தினால், சிறிய தொகுதியைக் குறிப்பதையே ரவுட்டர் ஏற்கும். ஹாங்காங்கைச் சேர்ந்த பிசிசிடபிள்யூ, தன் வாடிக்கையாளரான பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பைச் சோதிக்காமல் உலகுக்குப் பரப்பியது. ஏறத்தாழ 80 நிமிடம் கழித்து யூடியூபும் அதே 256 முகவரிகளை அறிவித்தது. பிறகு 128, 128 என இன்னும் சிறிதாகப் பிரித்து அறிவித்தது. இறுதியில் பிசிசிடபிள்யூ தவறான வழியைத் துண்டித்த பிறகே நிலைமை சீரானது.

இதைப் பாகிஸ்தான் டெலிகாமின் பிழை என்று மட்டும் முடித்துவிடுவது போதாது. பிழை எங்கும் நேரும். 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒரு வலையமைப்பு இதே வகையில் தவறான வழிகளை அறிவித்து இணையத்தின் பெரும்பகுதியைக் குலைத்திருந்தது. ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் கழித்தும் ஒரு பெரிய வலையமைப்பு சோதனையின்றி அறிவிப்பைக் கடத்தியதே கவனிக்கத்தக்கது. காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை, செலவில் இருக்கிறது. அறிவிப்புகளைச் சோதிக்கும் வடிகட்டிகளை அமைத்துப் பராமரிக்கும் உழைப்பு ஒரு நிறுவனத்துடையது. அதனால் காப்பாற்றப்படுவதோ பெரும்பாலும் மற்றவர்களின் முகவரிகள். தனக்கு நேரடி ஆதாயம் தராத வேலையைச் சந்தை தானாகச் செய்துவிடாது.

2012இல் தரப்படுத்தப்பட்ட ஆர்பிகேஐ, ஒரு தொகுதியை எந்த வலையமைப்பு அறிவிக்கலாம் என்பதற்கு டிஜிட்டல் சான்று தருகிறது. 2008இல் இது பரவலாக நடைமுறையில் இருந்திருந்தால் அந்தக் கசிவு அதிக தூரம் போயிருக்காது. ஆனால் இது அறிவிப்பின் தொடக்கத்தை மட்டுமே சோதிக்கிறது; இடைப்பட்ட பாதை பொய்யாக இருந்தால் கண்டுபிடிக்காது. பாதையையும் கையொப்பமிட்டுச் சரிபார்க்கும் பிஜிபிசெக் 2017இல் தரப்படுத்தப்பட்டது. பாதையிலுள்ள எல்லா வலையமைப்புகளும் அதை ஏற்றாலன்றிப் பலனில்லை என்பதால் முதலில் ஏற்பவருக்குச் செலவே மிச்சம்.

ஆகவே சரிபார்க்கும் கடமை, வாடிக்கையாளருக்கு இணைப்பு விற்கும் மேல்நிலை வலையமைப்பிடமே இருக்க வேண்டும். எந்த முகவரிகளை வாடிக்கையாளர் அறிவிக்கலாம் என்பதை ஒப்பந்தம் எழுதும்போதே கேட்டுப் பெறக்கூடிய இடம் அதுதான். அந்தப் பட்டியலுக்கு வெளியே வரும் அறிவிப்பை நிராகரிக்கும் நிபந்தனையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். அதற்குப் புதிய நெறிமுறை எதுவும் தேவையில்லை.